அறுபது பனியனும் ஒரு அருவியும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தெரிந்த விஷயத்தைச் சொல்லும்போது என் குரல் சாதாரணமாக இருக்கும். தெரியாத விஷயத்தைச் சொல்லும்போதுதான் கணீரென்று வரும். ரோட்டில் யாராவது வழி கேட்டால் நான் சொல்கிற அழகில், கேட்பவர் குறித்துக்கொள்ளக்கூட மாட்டார், அவ்வளவு தெளிவு. போய்ச் சேர்ந்ததாக இதுவரை ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. (சேராததால்தான் சொல்லவில்லையோ என்னவோ.)

இந்தக் குரலை முதலீடாக வைத்துத்தான் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறேன். வெட்டிய பனியன் துணியில் ஸ்கிரீன் வைத்துப் பூவும் பொம்மையும் எழுத்தும் அடித்துக் கொடுக்கிற தொழில். குரலால் வந்த ஆர்டர்கள் பல. அதே குரலால் என் கல்யாணமே கைநழுவப் பார்த்தது. அந்தக் கதையை வெளியாட்கள் சொன்னால் ஒன்றுக்குப் பத்தாகச் சேர்த்துவிடுகிறார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு உடுமலைக்குத் தெற்கே. வாசலில் நின்றால் எதிரே மலை. மலை என்றால் கோயில் கட்டிய சின்னக் கரடு இல்லை. கிழக்கே கண்ணுக்கு எட்டிய இடத்தில் தொடங்கி மேற்கே கண்ணுக்கு எட்டாத இடம் வரைக்கும் ஒரே பாறைச் சுவர். எங்கள் பக்கம் செங்குத்தாக இறங்கும். சுவருக்குப் பின்னால் கேரளா. மேப்பில் அதன் மேலேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை யானை மதிப்பதில்லை, மேகம் மதிப்பதில்லை, எங்கள் சனமும் மதித்ததில்லை. மறையூர்ப் பக்கத்து வெல்லம் இந்தப் பக்கம் இறங்கும், திருப்பூர் பனியன் அந்தப் பக்கம் ஏறும். இரண்டு தலைமுறைக்கு முன்னால் கரும்பு போடுகிறேன் என்று மலையேறிப் போன எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இன்றைக்கும் ஆமாங்க, இல்லீங்க என்றுதான் பேசுகின்றன. ரேஷன் கார்டு மட்டும் மலையாளத்தில் இருக்கும்.

சுகன்யா அப்படி ஒரு குடும்பத்துப் பெண். திருப்பூரில் படித்து, நான் பிரிண்ட் அடித்துக் கொடுத்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் என்னை முதன்முதலில் பார்த்ததே ரிஜெக்ட் செய்வதற்காகத்தான். ஒரு கரடி பொம்மைக்கு மூக்கு சற்றுக் கோணலாக விழுந்திருந்தது. டிசைனே அப்படித்தான் என்று கணீரென்று சொன்னேன். அவள் ஒரிஜினலை எடுத்து மேஜையில் வைத்தாள். அதில் மூக்கு நேராக இருந்தது. அவ்வளவு பொறுமையாக என் பொய்யைக் கேட்ட பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்தில் ரிஜெக்ட் குறைந்து பேச்சு அதிகமாகி, விஷயம் இரண்டு வீட்டுக்கும் போனது.

சாதி, ஜாதகம், சொத்து எதிலும் சிக்கல் இல்லை. அவளுடைய அப்பாவுக்கு இருந்த ஒரே சிக்கல் மலை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"பொழுது சாஞ்சா செக்போஸ்ட்டுல கேட்டை மூடிருவாங்க. யானை நடக்கற வழி. அதுக்கப்பறம் ஒரு அவசரம்னா நாங்களும் வர முடியாது, எம்பொண்ணாலயும் வர முடியாது. அதுக்கு என்னங்க பண்றது?"

நியாயமான கேள்வி. யாராயிருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை.

"நீங்க கவலையே படாதீங்க. கூப்பிட்டா மூணு மணி நேரத்துல வாசல்ல நிப்பேனுங்க. கேட்டுல இருக்கறதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஆளுகதான்."

(கேட்டில் எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. கேட்டு எந்த நிறம் என்றுகூடத் தெரியாது.)

அவர், வாங்க பாக்கலாம் என்று மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் இரண்டு வீட்டாரும் சபையில் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் பெண் உறுதி. அதுவரைக்கும் எவ்வளவு பேசினாலும் அது வெறும் பேச்சுதான். ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து எங்களை வரச் சொன்னார்கள். தட்டை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சுகன்யா போனில் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பயம் வந்தால் எனக்கு யோசனையும் வரும், அதுதான் இன்னொரு வியாதி.

யோசனை இதுதான். மலைதானே அவருக்குப் பிரச்சினை? மலை நம்மைப் பிரிக்கவில்லை, சேர்க்கிறது என்று காட்டிவிட்டால்? மொத்த மலையையும் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனை வரை நெஞ்சுக்குக் குறுக்கே அடித்து, இரண்டு வீட்டாருக்கும் முப்பது முப்பதாக அறுபது டி-ஷர்ட். வீட்டில் நான் இதைச் சொன்னபோது பெரியப்பா மட்டும்தான் மறுத்தார். அப்பா சபையில் வாய் திறக்க மாட்டார், எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் பெரியப்பா வழியாகத்தான். உப்புச்சக்கரைக்குப் பனியனோடயா கண்ணு போறது என்று கேட்டார். திருப்பூரில் காலர் வைத்தாலும் ஜிப் வைத்தாலும் பனியன் பனியன்தான். நான் விடவில்லை.

பெரியப்பாவின் தென்னந்தோப்பில் நின்று நானே போட்டோ எடுத்தேன். மலைக்கோடு கரும்பச்சை. பாறை முகத்தில் மழைக்காலத்தில் மட்டும் விழுகிற அருவிக்கு வெள்ளை மை, அதற்கென்று தனி ஸ்கிரீன். துணி நல்ல கனம், நூற்றெண்பது ஜிஎஸ்எம், சாம்பல் நிறம். இரண்டு குடும்பப் பெயரையும் கீழே போடலாம் என்று டிசைன் போட்டவர் சொன்னார். எழுத்தே வேண்டாம், மலையே பேசும் என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாக்கியத்தைச் சொன்ன வாயில் நாலு போடலாம் போல இருக்கிறது.

இங்கே தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிசைனைக் கறுப்பாக ஒரு பிலிமில் எடுத்து, மருந்து தடவிய ஸ்கிரீனோடு சேர்த்து வைத்து வெளிச்சம் காட்டினால் படம் ஸ்கிரீனில் இறங்கும். பிலிமைத் திருப்பி வைத்துவிட்டால் இடது வலது மாறிப்போகும். எழுத்து இருந்தால் முதல் பீஸிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். என் பட்டறையில் ஸ்கிரீன் போடுகிறவர் ரஞ்சன், ஒடிசாக்காரர், என்னைவிட மூத்தவர், கைசுத்தமான ஆள். பிலிமை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இதுல எழுத்து இல்ல. எந்தப் பக்கம் நேரு?"

அப்போது நான் போனில் இருந்தேன். வண்டி பேசிக்கொண்டிருந்தேன் என்று ஞாபகம். பிலிமைப் பார்க்காமலே சொன்னேன்: "எப்படி வெச்சா என்ன ரஞ்சன், மலை மலைதான்."

அவர் பாவம், அந்த மலையைப் பார்த்ததே இல்லை. இருபத்தேழு வருஷமாக அதன் எதிரே நின்று பல் துலக்கியவன் நான். அறுபது பீஸும் என் கண் முன்னால்தான் அடித்துக் காய்ந்தன. இரண்டு ஸ்கிரீனும் ஒரே மாதிரித் திரும்பியிருந்ததால் அருவியும் மலையும் இம்மி பிசகாமல் பொருந்தின. பொருந்தியதைப் பார்த்து ரஞ்சனைத் தட்டிக்கொடுத்தேன்.

சுகன்யா போனில் ஒரே ஒரு முறை கேட்டாள். அடிக்கறதுக்கு முன்னால சாம்பிள் ஒண்ணு எனக்குக் காட்டுங்க என்று. அப்ரூவல் சாம்பிள் இல்லாமல் மொத்தமாக அடிப்பது எங்கள் ஊரில் பெரிய பாவம், எந்தக் கம்பெனிக்கும் நான் அதைச் செய்ததில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குச் செய்தேன். சர்ப்ரைஸ் என்றேன்.

அன்று காலை வேனில் நாங்கள் பதினெட்டுப் பேர். அமராவதி பக்கம் காட்டு வழி தொடங்கும் முன் ஒரு டீக்கடையில் நிறுத்தி, ஆண்கள் எல்லோரும் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டோம். பெரியப்பா வேட்டிக்கு மேல் அதைப் போட்டு, மேலே துண்டையும் போட்டுக்கொண்டார். டீ கிளாஸோடு மலையைப் பார்த்தபடி நின்றவர், என் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார்.

"கண்ணு, ரெட்டைக் குன்னு எந்தப் பக்கம் இருக்குது?"

மலையின் ஒரு கோடியில் இரண்டு முடிச்சாக எழும்பி நிற்கிற உச்சி அது. நான் திரும்பாமலே, மேக்கால, இது தெரியாதுங்களா என்றேன்.

"திரும்பிப் பாரு."

திரும்பினேன். ரெட்டைக் குன்று கிழக்கே இருந்தது. என் தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்தே அது கிழக்கேதான் இருந்திருக்கும். என் நெஞ்சிலும், பெரியப்பா நெஞ்சிலும், அப்பா நெஞ்சிலும், டிரைவர் நெஞ்சிலும் மட்டும் அது மேற்கே போய் உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் சூழ்ந்துகொண்டு ஒவ்வொருவர் நெஞ்சாகச் சரிபார்த்தார்கள், ஏதாவது ஒன்றிலாவது மலை நேராக இருக்குமோ என்று. அம்மா மட்டும் உருப்படியாக ஒரு வழி சொன்னாள். பனியனை உள்வெளியாகப் போட்டுக்கொண்டால் மலை நேராகிவிடுமே என்று. கணக்கு சரிதான். ஆனால் நூற்றெண்பது ஜிஎஸ்எம் துணியில் மறுபக்கம் ஒன்றும் தெரியாது. நல்ல துணி வாங்கியதற்காக நான் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

சட்டையை மாற்றிக்கொண்டு, இனிப்புப் பெட்டியோடு மட்டும் போயிருக்கலாம். ஆனால் நான் கொண்டுவரும் அதிசயத்தைப் பற்றி மாமனார் வீட்டுக்கு ஏற்கெனவே நாலு முறை போன் பண்ணியிருந்தேன்.

வேன் காட்டைக் கடந்து, மலையை வளைத்துக்கொண்டு பின்பக்கம் போனது. நான் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கிடந்தேன். மறையூர் நெருங்கும்போது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், வடக்கே அதே மலை. ரெட்டைக் குன்று என் வலது கைப் பக்கம். குனிந்து அப்பாவின் நெஞ்சைப் பார்த்தேன். அதிலும் வலது கைப் பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் எதுவும் இடம் மாறித்தானே தெரியும். அறுபது பனியனிலும் இருப்பது தப்பு மலை இல்லை, அந்தப் பக்கத்து மலை.

எனக்கு உயிர் திரும்பியது. கூடவே குரலும் திரும்பியது.

அவர்கள் வீட்டில் பந்தல் போட்டு, பாய் விரித்து, இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு தட்டில் உப்பும் சர்க்கரையும் துணி மூடி வைத்திருந்தது. டி-ஷர்ட்டை எல்லோருக்கும் கொடுத்தோம். பெரியவர் ஒருவர் விரித்துப் பார்த்து, இது நம்ம மலையாட்ட இருக்குதே என்றார். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். மாப்பிள்ளை எழுந்து பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பெரியப்பா என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"உங்க மலைதானுங்க. எங்க பக்கத்துல இருந்து பாக்கற மாதிரி அடிக்கறது சுலபம். நான் வேணும்னேதான் உங்க வாசல்ல இருந்து பாக்கற மாதிரி அடிச்சேன். இனிமே இந்த மலைய நான் உங்க கண்ணாலதான் பாப்பேனுங்க."

சத்தியமாக, பந்தலில் ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் அம்மாகூட ஒரு கணம் நம்பிவிட்டாள். வேனில் அவள் பக்கத்தில்தான் நான் ஒன்றரை மணி நேரம் தலையில் கைவைத்துக் கிடந்தேன்.

மாமனார் டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இரண்டு கையாலும் விரித்து மலைக்கு நேராகப் பிடித்தார். பார்த்தார். ரெட்டைக் குன்று சரியாக இருந்தது. பக்கத்துப் பள்ளம் சரியாக இருந்தது. சரியாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு நெஞ்சு விம்மி, டி-ஷர்ட்டில் மலை இரண்டு அங்குலம் உயர்ந்தது. உட்காரப் போனவர் நின்றார்.

"எல்லாஞ் சரி மாப்ள. அருவி எங்கீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"இந்த அருவி உங்க பக்கந்தானுங்க உழுகுது. எங்க வாசல்ல இருந்து எப்படித் தெரியும்?"

இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மழை நல்லாப் பெஞ்சா இந்தப் பக்கமும் தெரியுமுங்க என்று கணீரென்று சொன்னேன். யாரிடம்? அதே வாசலில் பிறந்து, அதே வாசலில் தலை நரைத்தவரிடம்.

பெரியப்பா மேலே பந்தல் துணியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அப்போது சுகன்யா உள்ளேயிருந்து வந்தாள், பட்டுப்புடவையும் பூவுமாக. அப்பா கையிலிருந்த டி-ஷர்ட்டை வாங்கினாள். என்ன ஆனாலும் கைப்பழக்கம் போகாது, தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், பிரிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பிலிமைத் திருப்பி வெச்சு அடிச்சுட்டாங்கப்பா. சாம்பிள் கேட்டேன், காட்டலை."

ரிஜெக்ட். முந்நூறு பேர் வேலை செய்கிற கம்பெனியில் அவள் அதைச் சொல்லி நான் தலைகுனிந்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு வீட்டுச் சனமும் பார்க்க, உப்புத்தட்டுக்கு முன்னால் நின்று கேட்டேன். காது இரண்டும் சுட்டன. என் டி-ஷர்ட்டைக் கழற்றவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அவள் டி-ஷர்ட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்புத்தட்டைப் பார்த்தபடி நின்றாள். நான் இழக்கப்போவது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாமனார் எதிரே உட்கார்ந்தார். அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். பொழுது சாஞ்சு கேட்டை மூடினதுக்கப்பறம் ஒரு அவசரம்னா என்னங்க பண்ணுவீங்க?

வாயைத் திறந்தேன். கணீர்க் குரல் வரவில்லை. வேறு ஏதோ ஒரு குரல், எனக்கே பழக்கமில்லாதது, தாழ்வாக வந்தது.

"தெரியலீங்க மாமா. கேட்டுல எனக்கு யாரையும் தெரியாதுங்க. உட மாட்டாங்க. தெறக்கற வரைக்கும் அங்கயே நிப்போமுங்க, ரெண்டு பேரும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

அவர் டி-ஷர்ட்டை மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நிதானமாக மடித்தார். எனக்கு அது ஒரு வருஷம் போல இருந்தது.

"நெசம் பேசறப்ப உங்க கொரலு நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, தட்டை எடுக்கச் சொன்னார்.

உப்பும் சர்க்கரையும் கை மாறின. சர்க்கரையை வாயில் போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுகன்யா தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அவர்கள் பக்கத்து முப்பது டி-ஷர்ட்டிலும் மச்சினர்கள் பச்சை மார்க்கரால் அருவியை அடைத்துவிட்டார்கள். இப்போது அது அவர்கள் வாசலிலிருந்து தெரிகிற மலைக்கு அச்சு அசலாக இருக்கிறதாம், கரும்பு வெட்டும்போது பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்து முப்பதில் இருபது, பட்டறையில் ஸ்கிரீன் துடைக்கப் போய்விட்டது. ரஞ்சன் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். எழுத்தில்லாத டிசைன் எது வந்தாலும், அதைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் எந்தப் பக்கம் நேரு என்று கேட்பார்.

வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால் கேள்வி உடனே வரும். போன மாதம் ஒரு பார்ட்டியிடம் போனில், சரக்கு பாதி முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைக்கூடத் தூக்காமல், "அருவி எங்கீங்கப்பா?" என்றாள். மறுமுனையில் இருந்தவருக்கும் கேட்டுவிட்டது. அவருக்கு அர்த்தம் சொல்ல நான் பட்ட பாடு தனி.

கேட்டின் நிறமும் எனக்கு இப்போது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் மாமியார் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார் என்று போன் வந்தது. பட்டறையை அப்படியே விட்டுவிட்டு நானும் சுகன்யாவும் கிளம்பினோம். எவ்வளவு விரட்டியும் செக்போஸ்ட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கெஞ்சினேன், விடவில்லை. கட்டுப் போட்டாயிற்று, பயமில்லை என்று அதற்குள் தகவல் வந்திருந்தது. இருந்தாலும் அழுதுகொண்டிருந்த சுகன்யாவுக்காகவும், அங்கே காத்திருந்த மாமனாருக்காகவும், அவருக்குப் போன் போட்டேன். மறுபடியும் அதே குரல், என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

"வந்துட்டமுங்க மாமா, மறையூர்தான், இதோ ஒரு பத்து நிமிசம்."

மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அருவி எங்கீங்க மாப்ள?"

நான் கேட்டைப் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடித்திருந்தது.

"கேட்டுலதானுங்க நிக்கறோம்," என்றேன். "மூடிட்டாங்க."

"அப்ப நில்லுங்க," என்றார். "காலைல வாங்க, காப்பி போட்டு வெக்கறேன்."